கூப்பிட்டும் பதில் சொல்லாத பிரதிவாதி

இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடின. ஓடின என்று ஒரு மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். அப்படி ஒரு பஸ்ஸில் ஏறி, ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், சுரண்டைப் பக்கத்திலிருந்து தென்காசிக் கோர்ட்டுக்குப் போனேன். அன்றைக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவரும் அவருடைய அண்ணனும் முன்பே பாகம் பிரிந்துகொண்டவர்கள். நிலம் ஆளுக்குப் பாதி. கிணறு மட்டும் பொது. கிணற்றை வெட்டியா பங்கு வைக்க முடியும்? அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அண்ணன் மாடு வடம் இழுத்துக் கமலையில் தண்ணீர் இறைக்கும், மறுநாள் தம்பி மாடு இறைக்கும். தம்பி கண்ணை மூடிய வருஷமே அண்ணன் எங்கள் முறையை நிறுத்திவிட்டார். கமலை கட்ட ஆம்பளை இல்லாத வீட்டுக்கு முறை எதற்கு என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டாராம். கேட்டாராம் என்று சொல்கிறேனே தவிர என் காதால் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

எங்கள் பக்கம் மழையை நம்பி ஒரு மிளகாய்ச் செடி வைக்க முடியாது. ஆனி, ஆடியில் மேகமெல்லாம் மேற்கே மலையைப் பார்த்துப் போய்க் குற்றாலத்தில் இறங்கும். எங்களுக்கு வருவது காற்றும் புழுதியும்தான். ஆகவே கிணற்றில் முறை இல்லை என்றால் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லை என்றால் பிறந்த வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து, தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துச் சோறு வாங்கித் தின்ன வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை. எனக்கும் முறை உண்டு என்று வழக்குப் போட்டோம்.

வழக்குப் போட்டவர் என் அப்பா. வாதி என்று காகிதத்தில் இருந்தது என் பெயர்தான், ஆனால் வக்கீலிடம் பேசுவது, வாய்தாவுக்கு வாய்தா போவது எல்லாம் அவர். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். வழக்கு இரண்டு விதமாகவும் தின்னும். ஒரு தடவை எங்கள் சாட்சி வரமாட்டார், ஒரு தடவை அவர்கள் வக்கீல் வீட்டில் கல்யாணம், ஒரு தடவை இரண்டு பக்கமும் தயாராக இருந்தால் அன்றைக்கு முந்தின வழக்கே முடிந்திருக்காது. அப்பா அலைந்து அலைந்தே போய்ச் சேர்ந்தார். பிறகு என் தம்பி அலைந்தான். அவனும் பட்டாளத்துக்குப் போய்விட்டான். சண்டைக்குப் போவது இந்தக் கோர்ட்டுக்குப் போவதைவிடத் தேவலை என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினான்.

இத்தனை வருஷத்தில் ஒருவராவது என்னிடம், என்னம்மா நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசியாக ஒரு தேதி விழுந்தது. இனிமேல் வாய்தா கிடையாது, வாதி கூண்டில் ஏறிச் சொல்லியாக வேண்டும் என்று வக்கீல் ஆள் அனுப்பியிருந்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தனியாகவே புறப்பட்டேன். முந்தின வாரம் வேலி முள் குத்தி வலது பாதம் பழுத்திருந்தது. மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

பஸ்ஸில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பிரதிவாதி. என் கணவரின் அண்ணன்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே பஸ். வாதிக்கு ஒன்று, பிரதிவாதிக்கு ஒன்று என்று யார் விடப் போகிறார்கள்? அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். இரண்டு கட்சியும் ஒரே பஸ்ஸில் போவார்கள், கோர்ட்டில் எதிரெதிரே நிற்பார்கள், ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. பேசியே ஆக வேண்டும் என்றால் கண்டக்டரிடம் சொல்வார்கள். "அந்த ஜன்னல் படுதாவ எறக்கச் சொல்லும் வே" என்பார் ஒருவர். அடுத்தவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் கண்டக்டர் ஒரு தரம் திருப்பிச் சொன்ன பிறகுதான் படுதா இறங்கும். நான் பெண்பிள்ளை வேறு. சண்டை இல்லாத காலத்திலேயே கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் நின்று பேசும் வழக்கம் எங்களிடம் கிடையாது. கோபம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

பாதி வழியில் ஒரு மேடு. அதில் ஏறும்போது புகை மட்டும் வந்தது, பஸ் வரவில்லை. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். கண்டக்டர் கரி அடுப்பைக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு என்ன அவசரம், பொட்டலத்தைப் பிரித்து ரோட்டோரம் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். நான் ரோட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது.

அண்ணன்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு நடக்கத் தயாரானார். வயலில் நடந்து பழகிய கால். வேகமாக நடந்தால் கோர்ட்டில் கூப்பிடுவதற்குள் போய்விடலாம். புறப்படும்போது கண்டக்டரிடம் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "வே, அந்தப் பொம்பளைக்குக் காலு சொகமில்ல. மாட்டு வண்டி எதும் வந்தா ஏத்திவிடும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் போய்ச் சேராவிட்டால் வழக்கு அவர் பக்கம். இதில் என் காலைப் பற்றி அவருக்கு என்ன கவலை? நானும் இறங்கி நடந்து பார்த்தேன். கொஞ்ச தூரத்துக்குமேல் பாதம் ஊன்றவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அவருடைய வெள்ளைத் துண்டு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்பிள்ளைகளுக்குக் கடவுள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் காலையும் கொடுத்திருக்கிறானே என்று நினைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு வைக்கோல் வண்டி வந்தது. கண்டக்டர் கையைக் காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். தென்காசியில் நல்ல சாரல். ஈர வைக்கோல் தலையெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்க, நொண்டி நொண்டிக் கோர்ட்டு வாசலுக்கு வந்தேன். வக்கீலின் குமாஸ்தா படியிலேயே நின்றிருந்தார்.

"எங்கம்மா போயிட்டீங்க? மூணு தரம் கூப்பிட்டாச்சு. வாதி வரலன்னு தள்ளுபடி ஆயிட்டு" என்றார்.

நம் வாசகர்களில் கோர்ட்டுப் பக்கம் போகாத பாக்கியசாலிகள் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கின் முறை வரும்போது டவாலி போட்ட சேவகர் வாசலுக்கு வந்து வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மூன்று தரம் உரக்கக் கூப்பிடுவார். அந்தச் சத்தத்துக்கு நாம் வாசலில் இருந்து உள்ளே போய் நிற்க வேண்டும். வழக்குப் போட்டவர் நிற்காவிட்டால் வழக்கு அதோடு சரி. உன் பக்கம் நியாயம் இருக்கிறதா, இல்லையா என்ற பேச்சே கிடையாது.

எனக்கு அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா அலைந்தது, தம்பி அலைந்தது, விற்ற மாடு, காய்ந்த தோட்டம் எல்லாம் ஒரு மேட்டில் ஏறாத பஸ்ஸோடு போய்விட்டது. வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று பழமொழி. நான் வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. வாயைத் திறக்கவே இல்லையே. சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது.

வக்கீல் எங்கே என்றேன். வீட்டுக்குச் சீசன் விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம், வேலை முடிந்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போய்விட்டாராம். தென்காசியில் வீடு கட்டியவருக்கு ஆனி, ஆடியில் இது ஒரு தண்டனை. கண்ணால் பார்த்திராத ஒன்றுவிட்ட உறவெல்லாம் எண்ணெய்ப் புட்டியோடு வந்து இறங்கிவிடும். நாளைக்கு மறுபடி வர என் காலுக்குச் சக்தி இல்லை. குதிரை வண்டி பிடித்துக் குற்றாலத்துக்கே போய்விட்டேன்.

அருவிக்கு வெளியே, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு நின்றிருந்தார் எங்கள் வக்கீல். என்னைப் பார்த்ததும் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அருவி இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் ஒன்றும் கேட்காது. ஆகவே என் வழக்கின் கதியைக் குளிக்க வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் கத்தினார். வாய்தா கேட்டுப் பார்த்தாராம், முன்சீப் முடியாது என்றுவிட்டாராம், வாதி இல்லாமல் வக்கீல் மட்டும் நின்று பயனில்லை என்று ஒதுங்கிக்கொண்டாராம். நானும் என் பஸ் நின்றுபோன கதையைக் கத்தினேன்.

"உனக்கு இன்னும் அதிர்ஷ்டம் இருக்கும்மா" என்று கத்தினார். "பிரதிவாதியும் ஆஜராகல."

எனக்குப் புரியவில்லை. அவர் நடந்து போனதை நான் கண்ணால் பார்த்தேனே.

"வந்திருந்தாரு. அவர் வக்கீலுக்கு இன்னிக்குத் திருநெல்வேலியில வேலை. கூப்பிட்டா நீரே உள்ளே போய் நின்னா போதும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. சேவகன் கூப்பிடும்போது மனுஷன் வேப்பமரத்தடியில நிக்காரு. நான் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருக்கேன். மூணு தரமும் வாயே திறக்கல."

பிறகு எண்ணெய்க் கையை வீசி வீசி விளக்கம் சொன்னார். எதிராளி உள்ளே வந்து ஆஜர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் மறுபடி இதே வழக்கைப் போட முடியாதாம். பஸ் நின்றதை நான் நிரூபிக்க வேண்டும், அதை நம்பாவிட்டால் கிணற்றை மறந்துவிட வேண்டியதுதானாம். இரண்டு பேருமே வராமல் தள்ளுபடியான வழக்கு என்றால் அப்படி இல்லை. திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாம், அது நடக்காவிட்டால் காலம் கடப்பதற்குள் புதிதாகவும் போடலாம். கதவு சாத்தியிருக்கிறது, பூட்டு விழவில்லை என்றார். சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இந்த மனிதர் சும்மா நிற்கிற ஆள் இல்லையே. இதில் என்ன சூது வைத்திருக்கிறார்? இதையே நினைத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி பஸ்ஸுக்கு நின்றேன். வந்தது அதே கரி பஸ். எப்படியோ உயிர் வந்து குற்றாலம் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அதே கண்டக்டர். தென்காசியில் அண்ணன்காரர் ஏறினார். தலையில் கட்டியிருந்த துண்டு நனைந்து தொங்கியது. முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

ஊர் தாண்டும் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்று என் கணவரே சொல்வார். கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"கூப்பிட்டப்போ ஏன் உள்ள போகலன்னு அவுகள்ட்ட கேளுங்க."

கண்டக்டர் அந்தப் பக்கம் திரும்பினார். "ஏன் உள்ள போகலன்னு கேக்காவ."

"அது என் இஷ்டம்னு சொல்லும்."

"அவுக இஷ்டமாம்."

"என்ன சூது வச்சிருக்காவன்னு கேளுங்க."

கண்டக்டருக்கு அலுத்துவிட்டது. காலையிலிருந்து அடுப்பு ஊதிய மனிதர். "ஏன் அண்ணாச்சி, எனக்கு டிக்கெட்டு குடுக்கற வேல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசித்தான் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

அண்ணன்காரர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். டிரைவரிடம் சொல்வது போல இருந்தது. டிரைவருக்குக் கேட்டிருக்க நியாயமில்லை.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வந்தோம். வண்டி நின்னு போச்சு. எனக்கு நல்ல காலு, நடந்துட்டேன். அவளுக்கு முள்ளுக் காலு, உக்காந்துட்டா. கால வச்சா கெணத்துக்குத் தீர்ப்புச் சொல்லுதது?"

நான் பாதத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன்.

"கெணறு என் கெணறுதான். அத விட்டுக் குடுக்க மாட்டேன். கடைசி வரைக்கும் வழக்காடத்தான் போறேன். ஆனா அவ தோத்தா எங்கிட்ட தோக்கணும். கரி வண்டிகிட்ட தோத்துட்டு ஊருக்குள்ள வரக்கூடாது. நாளைக்கு என் தம்பி வந்து கேட்டாம்னா நான் என்ன சொல்லுவேன்?"

செத்துப்போனவர் எங்கே வந்து கேட்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஊர் வரும் வரைக்கும் அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது கண்டக்டரிடம், "காலுக்கு வேப்பெண்ணையக் காய்ச்சி ஊத்தச் சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. வழக்கைத் திரும்ப எடுக்க மனுப் போட்டோம். அவருக்கு நோட்டீஸ் போனது. அவர் வந்து ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். வழக்குக்கு மறுபடி உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழையபடி படுத்துக்கொண்டது. மறுபடி வாய்தா, மறுபடி பஸ், மறுபடி முன்வரிசையில் அவர், பின்வரிசையில் நான். யுத்தம்கூட முடிந்துவிட்டது, எங்கள் வழக்கு முடியவில்லை. தம்பி திரும்பி வந்து, இன்னுமா என்று கேட்டுச் சிரித்தான்.

கடைசியில் ஒரு நாள் கூண்டில் ஏறினேன். சேவகர் முதல் தரம் கூப்பிட்டதுமே உள்ளே போய் நின்றுவிட்டேன். அந்தக் கிணற்றை அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆழப்படுத்தியதையும், பாறை தெறித்து என் கணவரின் புருவத்தில் தழும்பு விழுந்ததையும், கூலிக்கு ஆள் வைத்து நான் கமலை கட்ட வந்தபோது அண்ணன்காரர் வடத்தை அவிழ்த்து எறிந்ததையும் சொன்னேன். கமலை கட்ட ஆம்பளை இல்லை என்றால் மிளகாய்ச் செடிக்குத் தாகம் எடுக்காதா என்றும் கேட்டேன். முன்சீப் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எதிர்க்கட்சி வக்கீல் என்னைக் குடைந்து எடுத்தார். நானும் விடவில்லை. அண்ணன்காரர் ஓரத்தில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். தழும்பைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

தீர்ப்பில் எனக்கு நான் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் முறை கிடைத்தது. அவர் அப்பீலுக்குப் போகவில்லை. என் முறை நாளில் விடியும்போது போய்ப் பார்த்தால், அவர் மாடுகள் அவிழ்த்துக் கட்டியிருக்கும், வடம் சுருட்டி வைத்திருக்கும். அவர் உயிரோடு இருந்த வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. நானும் பேசவில்லை. என் முறையைப் பிடுங்கியவரும் அவர்தான். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்தக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, முறையும் இல்லை, வழக்கும் இல்லை. ஆனாலும் எங்கேயாவது ஒரு வாசலில் யாராவது யார் பெயரையாவது உரக்கக் கூப்பிட்டால், வேப்பமரத்தடியில் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். எனக்காகப் பேசியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், ஆனால் மூன்று தரம் கூப்பிட்டும் அவர் ஒருவர் பேசாமல் நின்றதால்தான் என் கதையை என் வாயாலேயே நாலு பேர் கேட்டார்கள்.